மூன்றாவது இடது மடல்

எங்கள் விமானச் சங்கத்தின் சனிக்கிழமைக் காலைச் சாப்பாட்டைக் கெடுக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி போதும். படம் வரைய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டுவிட்டால், பான்கேக் ஆறும், காபி ஆறும், ஒருத்தனும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான். வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டும் ஆண்களைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். கட்டுவதைவிட அதைப் பற்றிப் பேசுவதில் அவர்களுக்குச் சுகம் அதிகம்.

என் கணவன் எல்ராய் அந்தக் கேள்வியைக் கேட்டது ஜனவரியில். வெளியே புல் ஓடுதளம் முழுக்கப் பனி. யாரும் பறக்க முடியாது, வாய் மட்டும் சும்மா இருந்தது.

"மாசாமாசம் காசு கேக்குறத மட்டும் தொட்டுடாத" என்றார் நார்ப். சங்கத் தலைவர், எதையும் சத்தமாகத்தான் சொல்வார். "ஒரு மாசம் கட்டலன்னா உன் இறக்கையையே உனக்குக் காட்ட மாட்டான்."

"சும்மா இருப்பா. எல்ராய், நீ முப்பரிமாணத்துக்குப் போ. அப்படியே சுத்திச் சுத்திப் பாக்கலாம்" என்றான் டெல்பர்ட். எங்கள் பக்கத்துத் தெருக்காரன், எல்ராயோடு ஒன்றாகப் படித்தவன்.

"சுத்திச் சுத்திப் பாத்தேதான் நீ பாதி ஆயுச ஓட்டிட்ட. உன் பிளேனுக்கு இன்னும் ஒரு சக்கரம் தரையில படல" என்றார் நார்ப்.

எல்ராய் சிரித்துவிட்டு, கையிலிருந்த முள்கரண்டியால் தட்டில் வழிந்த பாகில் கோடு இழுத்துக் காட்டினான். "எனக்குச் சுத்தவே வேண்டாம்பா. கோடு போடணும், வட்டம் போடணும், அளவு எழுதணும். அப்புறம், திறந்தா நேத்து விட்ட இடத்துலயே நிக்கணும். நான் எங்க இருந்தேன்னு அது எனக்குச் சொல்லணும். அவ்ளோதான்."

"அதுக்குப் பேரு பொண்டாட்டிடா" என்றான் டெல்பர்ட்.

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அவனைக் கேட்டேன். காகித இயந்திரங்கள் செய்யும் ஆலையில் வேலைக்காலம் முழுக்கப் படம் வரைந்தவன் எல்ராய். அவன் பென்சிலால் இழுத்த கோட்டை வைத்துத் தளவாடக் கடைக்காரன் ஸ்கேலைச் சரிபார்க்கலாம் என்று ஆலையில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஓய்வுபெற்ற பிறகு மறுபடி கம்ப்யூட்டர் எதற்கு?

"கண்ணு முன்ன மாதிரி இல்ல லவோன்" என்றான். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண் என்றால் கண்ணாடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அவன் கட்டிக்கொண்டிருந்தது மரமும் துணியுமான சின்ன விமானம். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ வரைந்து விற்ற வரைபடம், ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து பறப்பதற்கானது. எல்ராய் அதை அகலப்படுத்தி இரண்டு சீட் ஆக்கிக்கொண்டிருந்தான். இறக்கை, வால், தாங்கும் கட்டைகள், எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். இருக்கிறபடியே கட்டித் தொலைத்தால் என்ன என்று நான் ஆரம்பத்திலேயே சண்டை பிடித்திருக்கிறேன்.

"ஒத்தையா மேல போய் நான் என்ன பண்றது? பக்கத்துல யாரு நைநைன்னு பேசிட்டு வருவா?" என்றான்.

"என் முழங்காலுக்கு நான் இறக்கை மேல ஏறி உள்ள உக்காரணும்னா கிரேன்தான் வரணும்."

"படி வெக்கிறேன்டி. உன் உயரத்துக்குத் தாழ்வா ஒரு படி வெக்கிறேன்."

விமானம் முடிந்ததும் ஒரு கோடைக் காலையில் வடக்கே பறந்து, பெரிய ஏரியின் மேலாகப் போய், அதிலிருக்கும் சின்னத் தீவில் இறங்கி, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இதுதான் திட்டம். வேறு பெரிய ஆசை எதுவும் எங்களுக்கு இல்லை. நான் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்தவள், ஆகவே இறக்கைக்குத் துணி போர்த்தித் தைப்பது என் பொறுப்பு. துணிச்சுருள் விருந்தினர் அறைக் கட்டிலின் மேல் கிடந்தது. வால் பாகம் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

பிப்ரவரி முழுவதும் சாஃப்ட்வேர் பரீட்சை நடந்தது. முதலில் டெல்பர்ட் கொடுத்த முப்பரிமாணம். அதில் ஒரு பலகையை வரைந்துவிட்டு அதன் முன்பக்கம் எது என்று எல்ராய் ஒரு முழு மத்தியானம் தேடினான். அடுத்தது இலவசம், அதில் இருந்த அத்தனை பட்டன் சட்டை தைக்கும் கடையில்கூட இருக்காது. அதையும் தூக்கிப் போட்டான். இன்னொன்று நல்லதாகத்தான் இருந்தது, ஆலையில் அவனே கடைசிச் சில வருடங்கள் பயன்படுத்தியதன் புது வடிவம் அது. அதன் முன்னால் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கானுங்க" என்று மூடினான்.

"உனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றதுக்கு இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்" என்றேன்.

"லேசா இருக்கணும் லவோன். இன்னும் லேசா."

இன்னும் லேசாக. அந்த மாதத்தில் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். மரவேலை செய்பவர்களுக்கென்று யாரோ எழுதிய ஒரு சின்ன சாஃப்ட்வேர் கடைசியில் அகப்பட்டது. ஒரு கையில் எண்ணிவிடக்கூடிய பட்டன்கள். வெள்ளைத் தாளும் கறுப்புக் கோடும்தான். மூடிவிட்டு மறுநாள் திறந்தால் முந்தின நாள் எப்படி விட்டோமோ அப்படியே, அதே கோட்டில் வந்து நிற்கும். எல்ராய்க்கு முகமெல்லாம் வெளிச்சம். வெள்ளிக்கிழமை பொரித்த மீன் சாப்பிடப் போன ஓட்டலில் பரிமாற வந்த பெண்ணிடம்கூட அதைப் பற்றிச் சொன்னான்.

அதில் ஒரு பட்டனுக்கு நாங்கள் கண்ணாடி என்று பேர் வைத்தோம். இடது பக்கத்துப் பாகத்தை வரைந்துவிட்டு அதை அழுத்தினால், கண்ணாடியில் தெரிவது மாதிரி படம் அப்படியே வலது பக்கத்துப் பாகமாகத் திரும்பிவிடும். இரண்டு முறை வரைய வேண்டியதில்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி இடதாகும்.

வேலை வேகமாக நடந்தது. இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் மடல்கள் இரண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. விமானம் சாய்ந்து திரும்ப அவைதான் வேண்டும். எல்ராய் முழு அளவில் படத்தை அச்செடுத்து, தாள்களை ஒட்டி, எஃகு ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, மரத்தை அறுத்துப் பசை போட்டான். இடது மடல் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது டெல்பர்ட்தான் முதலில் சிரித்தான். இரண்டும் இடது.

கவிழ்த்துப் போட்டால் ஆகாதா என்று கேட்காதீர்கள். மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. ஆகாது.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. எங்கள் சங்கக் கட்டடத்தில் காபி இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. அதற்கு இடது சுவர் என்று பேர். விமானம் கட்டுகிற ஒவ்வொருத்தனும் வாழ்நாளில் ஒரு தடவையாவது வலதுக்குப் பதில் இன்னொரு இடதைச் செய்துவிடுவான். அதை எறியக் கூடாது. தன் கையாலேயே பெயர் எழுதி அந்தச் சுவரில் மாட்டி, அன்றைக்கு எல்லோருக்கும் டோனட் வாங்கித் தர வேண்டும். நார்ப்பினுடையதே இரண்டு தொங்குகிறது.

எல்ராய் ஒரு மார்ச் சனிக்கிழமை மடலோடு போய் நின்றான். நார்ப் நாற்காலி மேல் ஏறிப் பேசினார்.

"நண்பர்களே, ஆலையில இத்தன வருஷம் ஒரு கோடு பிசகாத எல்ராய், இன்னைக்கு நம்ம ஜாதியில சேந்தான்!"

"கண்ணாடிய அழுத்த மறந்துட்டான்பா, வேற ஒண்ணுமில்ல" என்றான் டெல்பர்ட்.

"ரெண்டு இடது இறக்கை இருந்தா என்ன? லவோனுக்குத் தலை சுத்தற வரைக்கும் வட்டமடிப்பேன்" என்றான் எல்ராய். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவன் மடலின் மேல் தன் அழகான எழுத்தில் பேர் எழுதி, ஆணியில் மாட்டி, தலை குனிந்து வணக்கம் வைத்தான். அவன் மீசையில் டோனட் சர்க்கரை ஒட்டியிருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

பனி உருகத் தொடங்கிய சமயத்தில், "வலது ரெடி, துணிக்கு அளவெடுத்துக்கோ" என்று கூப்பிட்டான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன். அவன் குளிக்கப் போயிருந்தான். மேஜையில் பசை காய்ந்துகொண்டிருந்த மடலைப் பார்த்தேன். வழவழவென்று தேய்த்து, ஒரு மூலைகூடப் பிசிறில்லாமல் அவ்வளவு அழகாக இருந்தது. துணியை மேலே விரித்தேன். சாய்வு இந்தப் பக்கம் வர வேண்டும், அந்தப் பக்கம் வந்தது. மறுபடி விரித்தேன். சுவரோரம் இருந்த பழைய இடது மடலைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தேன்.

அளவு மயிரிழை பிசகவில்லை. பக்கம்தான் பிசகியிருந்தது. இது மூன்றாவது இடது.

மூலையில் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. திரையில் இடது மடல். நான் கண்ணாடியை அழுத்தினேன், வலதானது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். பார்க்க வேண்டியிருந்தது, அதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை காபிக் கோப்பையோடு நானும் அவன் பின்னாலேயே போனேன். அவன் உட்கார்ந்து, திரையில் நின்ற வலது மடலை உற்றுப் பார்த்தான்.

"இடது முடிஞ்சுது. இப்போ வலதுக்குத் திருப்பணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கண்ணாடியை அழுத்தினான். படம் இடதாகத் திரும்பியது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அச்சு எடுக்கப் போனான்.

மறந்ததால் வந்த வினைதான், ஆனால் டெல்பர்ட் சொன்ன மாதிரி அழுத்த மறந்ததால் அல்ல. முந்தின நாளே அழுத்தியதை மறந்ததால். அவன் கேட்டபடியே அந்த சாஃப்ட்வேர் விட்ட இடத்திலேயே நின்றது. அவன்தான் அந்த இடத்தில் இல்லை. பிப்ரவரி முழுக்க ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் லேசாக, இன்னும் லேசாக என்றானே, அது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதேன். அச்சு இயந்திரத்தின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன். துணி போர்த்தி மூடுவதற்கு முன் மரவேலையைப் பார்த்துச் சொல்வது சங்கத்தில் அவன் வேலை. ஆகவே எல்ராய்க்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது என்று நினைத்தேன். டெல்பர்ட் வந்து மடலைப் பார்த்தான். விரலால் தடவினான். அப்புறம் சுவரோரம் இருந்ததைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"என்னடா, பசை சரியில்லையா?" என்றான் எல்ராய்.

"பசை நல்லா இருக்குடா. பக்கம்தான். இதுவும் இடது."

எல்ராய் இரண்டையும் பார்த்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அட நாசமாப் போக! கடைசில என்னையும் இடது சுவருக்கு அனுப்பிட்டீங்களே. இத்தன வருஷமா ஒண்ணுகூட மாட்டாம தப்பிச்சிட்டு இருந்தேன்."

டெல்பர்ட் மடலின் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா சிரிக்க மாட்டேங்குற?" என்று கேட்டான் எல்ராய். "ஊர்ல எவன் இடது ரெண்டு செஞ்சாலும் மொதல்ல சிரிக்கறவன் நீதான. எனக்கு மட்டும் ஏன் சிரிக்கல?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எல்ராய் என் பக்கம் திரும்பினான். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவனாகவே, "வண்டிய எடு" என்றான்.

சங்கக் கட்டடத்தில் யாருமில்லை. மூன்று பேரும் காபி இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றோம். அவனுடைய மடல் நார்ப்பினுடையதற்குக் கீழே தொங்கியது. எல்ராய் அதைத் தொட்டான். தன் பெயரைப் படித்தான். அவன் எழுத்துதான், வேறு யாருடையது என்றும் சொல்ல வழியில்லை. 'எ'வின் வாலை அப்படி இழுக்க அவனால் மட்டும்தான் முடியும்.

"டோனட் வாங்கினேனா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வாங்கின. நான் மூணு தின்னேன்" என்றான் டெல்பர்ட்.

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"கூரை பிஞ்சுதுடா."

எல்ராய் சுவரிலேயே நெற்றியை வைத்துக்கொண்டான். "இவளை ஏத்திட்டு மேல போக இருந்தேன்டா" என்றான். "இவளை ஏத்திட்டு. ஏரி மேல போறப்ப எந்தப் பக்கம் திரும்பறதுன்னு மறந்திருந்தேன்னா?"

அவனைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஆள், என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினான். டெல்பர்ட் வெளியே போய் வண்டியைத் துடைக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தான்.

அன்றைக்கே மின்ரம்பத்தின் சாவியை எல்ராய் டெல்பர்ட் கையில் கொடுத்துவிட்டான். நான் கேட்கவில்லை, அவனாகவே கொடுத்தான். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், அவர் அதற்கு ஒரு பேர் மட்டும் கொடுத்தார்.

நார்ப் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாகச் சத்தமில்லாமல் பேசினார். "லவோன், நாங்க எல்லாருமாச் சேந்து முடிச்சுத் தர்றோம். டெல்பர்ட் ஓட்டுவான். நீ அந்தத் தீவுக்குப் போயிட்டு வந்துடலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டெல்பர்ட் பக்கத்துல உக்காந்து போறதுக்கா இவன் அதை அகலமாக்கினான்?" என்றேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் வரைவதை எல்ராய் விடவில்லை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் காபியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். "விட்ட இடத்துல நிக்குதா?" என்பேன். "நிக்குது, நிக்குது" என்பான். கண்ணாடியை அழுத்துவான், அச்செடுப்பான், ஸ்கேல் வைத்துப் பார்ப்பான். அறுப்பதற்கு மட்டும் எதுவுமில்லை. டெல்பர்ட் நல்ல மரம் வரும் என்று சொல்லியிருக்கிறான், காத்திருக்கிறோம் என்று வைத்துக்கொண்டோம். சாயங்காலம் அவன் தூங்கி வழியும்போது நான் போய்க் கண்ணாடியை ஒரு முறை அழுத்திப் படத்தை இடதாக்கி வைத்துவிட்டு வருவேன். காலையில் அவன் திருப்பும்போது அது வலதாக வர வேண்டும். வந்தது. ஒவ்வொரு நாளும் வலதாகவே வந்தது. அந்த சாஃப்ட்வேரில் இன்றைக்கு எனக்குத் தெரியாத பட்டன் கிடையாது.

போன வாரம் மறுபடி பனி கொட்டியது. எல்ராய் மடல் படத்தைத் திறக்கவில்லை. விமானத்தின் உடல் பாகத்தை முன்னாலிருந்து பார்ப்பது போல வரைந்த பழைய படம் அவன் கையில் எப்படியோ அகப்பட்டிருந்தது. விரலைத் திரையில் வைத்து வெகுநேரம் யோசித்தான். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"இங்க ரெண்டாவதா ஒரு சீட் இருக்கு" என்றான். என்னைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டான். "இது யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உங்களுக்கு. பள்ளிக்கூட நாட்களிலிருந்து என்னை லவோன் என்றும் நீ என்றும் அடி என்றும் தவிர வேறெப்படியும் கூப்பிடாதவன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"லவோனுக்கு" என்றேன்.

"ஆ!" என்று அவன் முகம் மலர்ந்தது. "ஆமா, லவோனுக்கு. அப்ப இந்தப் படி உயரம். அவளுக்கு முழங்கால் வலிங்க, ஏற முடியாது. வெளிய சொல்ல மாட்டா, பிடிவாதக்காரி. கொஞ்சம் தாழ்த்திக் குடுக்கறீங்களா? எனக்கு இந்தப் பட்டனெல்லாம் பிடிபட மாட்டேங்குது."

ஸ்டூலை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். படியைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"போதுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றான்.

இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.